கன்னியர் மடப் பள்ளியும் அதனைத் தாங்கிய பணியாளரும்

ஒரு கல்விச்சாலையின் வரலாற்றை எழுதப் புகுவோர் முதற்கண் அதனை நிறுவியவர் யாவர் எனக் கூறுவர். பின்னர்த் தலைமையாசிரியரின் வரிசையைத் தருவர். அதன்பின் தேர்வில் முதன்மை பெற்ற மாணவியரையும், அவருள் உயர்பதவி எய்தியோரையும் போற்றி முடிப்பர். இம்முறை தவறன்று. ஆயினும், இவ்வரிசையில் இடம்பெறாத ஒரு கூட்டத்தார் எல்லாப் பள்ளிகளிலும் உளர். பொழுது புலருமுன் வாயிற்கதவைத் திறப்பவர், முற்றம் பெருக்குபவர், குசினியில் அடுப்பு மூட்டுபவர், நீர் இறைப்பவர், மணி அடிப்பவர், அழும் குழந்தையைத் தேற்றி வகுப்பிற்கு அழைத்துச் செல்லும் ஆயா, விடுதித் துணிகளை வெளுப்பவர், இரவெல்லாம் விழித்திருக்கும் காவற்காரர் ஆகியோரே அவர்கள். ஆசிரியர் ஒருவர் ஒருநாள் வாராவிடின் ஒரு வகுப்பு நிற்கும். இவர்கள் ஒருநாள் வாராவிடின் பள்ளியே நிற்கும்.

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலரில் இவர்களைப் பற்றி எழுத முற்பட்டதற்குத் தக்க காரணம் உண்டு. நம் காலனியில் பெண்மக்களைக் கன்னியர் மடப் பள்ளிகளில் பயில்வித்த குடும்பங்கள் பல. அத்தகைய பள்ளிகளில் அடுப்படியிலும் வாயிலிலும் தோட்டத்திலும் உழைத்தோரின் வழிவந்த குடும்பங்களும் நம்மிடையே உள்ளன. முன்னவர் தம் பிள்ளைகள் பயின்ற பள்ளியின் பெயரைப் பெருமையோடு சொல்லுகின்றனர். பின்னவரோ தம் பெற்றோர் பணிபுரிந்த பள்ளியின் பெயரைச் சொல்லத் தயங்குகின்றனர். இத்தயக்கத்திற்கு இடமில்லை என்பதை வரலாற்றின் துணைகொண்டு காட்டுவதே நம் நோக்கமாகும்.

1880-ஆம் ஆண்டில் தோன்றிய பள்ளி

திருவனந்தபுரம் நகரின் நடுவே கான்வென்ட் ரோடு என்றே ஒரு சாலைக்குப் பெயர் வழங்குகின்றது. அப்பெயருக்குக் காரணமாக விளங்குவது ஹோலி ஏஞ்சல்ஸ் கான்வென்ட் என்னும் பெண்கள் பள்ளி. கர்மேல் சபைக் கன்னியர் 1880-ஆம் ஆண்டில் இதனைத் தொடங்கினர். ஆயில்யம் திருநாள் மன்னர் மறைந்து, விசாகம் திருநாள் மன்னர் அரசேற்ற ஆண்டு அது. அதற்கு முன்னரே, பிளாண்ட்ஃபோர்டு அம்மையார் என்னும் ஆங்கிலேயப் பெண்மணி 1864-ஆம் ஆண்டில் இந்நகருக்கு வந்து, கோட்டைக்குள் வாழ்ந்த பெண்களுக்குக் கல்வி புகட்டத் தொடங்கியிருந்தார். அரசினரும் பெண்கல்வியில் நாட்டம் செலுத்தி வந்தனர். எனவே, பெண்மக்களைப் பள்ளிக்கு அனுப்பும் வழக்கம் மெல்ல வேரூன்றிய காலத்தில் இப்பள்ளி எழுந்தது எனலாம்.

இப்பள்ளியில் பயின்று பெரும்புகழ் எய்தியவர் மேரி புன்னன் லூக்கோஸ் அம்மையார். 1886-ஆம் ஆண்டில் பிறந்த இவர், இங்குப் பள்ளிக் கல்வியை முடித்தபின் மகாராஜா கல்லூரியில் அறிவியல் பயில விரும்பினார். பெண் என்னும் காரணத்தால் அதற்கு இடம் மறுக்கப்பட்டது. மனந்தளராது வரலாறு பயின்று 1909-ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார்; பின்னர் இலண்டன் சென்று மருத்துவம் கற்றுத் தேர்ந்தார்; 1916-ஆம் ஆண்டில் தாயகம் திரும்பித் தைக்காடு மகளிர் மருத்துவமனையில் பொறுப்பேற்றார். 1938-ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் அரசின் தலைமை மருத்துவராக, அதாவது சர்ஜன் ஜெனரலாக உயர்ந்தார். பெண்ணொருவர் அத்தகைய பதவி வகித்தல் அந்நாளில் உலகெங்கும் அரிதாயிருந்தது.

இவ்வம்மையாரின் வரலாறு நூல்களில் உள்ளது, இருக்கவும் வேண்டும். அவர் மாணவியாயிருந்த நாளில் அப்பள்ளியின் கிணற்றில் நீர் இறைத்தவர் யார்? வாயிலில் நின்றவர் யார்? இவ்வினாக்களுக்கு எந்நூலிலும் விடை இல்லை. பெயர்கள் மறைந்துவிட்டன, ஆயினும் அப்பணிகள் எத்தகையன என்பதை நாம் இன்றும் அறிய முடியும்.

நீரும் விறகும் விளக்கும்

திருவனந்தபுரத்திற்குக் குழாய்நீர் வந்தது 1933-ஆம் ஆண்டில்தான். அருவிக்கரையில் கரமனை ஆற்று நீரைத் தேக்கித் தூய்மை செய்து நகருக்கு அனுப்பும் நீர்நிலையத்தை அவ்வாண்டில் வைசிராய் வெல்லிங்டன் பிரபு திறந்து வைத்தார். மின்விளக்கு 1929-ஆம் ஆண்டில் வந்தது. ஆகவே 1880-ஆம் ஆண்டில் தொடங்கிய ஒரு பள்ளி, தன் வாழ்நாளின் முதல் அரை நூற்றாண்டைக் கிணற்று நீரையும் மண்ணெண்ணெய் விளக்கையும் கொண்டே நடத்தியிருத்தல் வேண்டும்.

இதன் பொருளை ஒரு சிறு கணக்கால் விளக்குவோம். விடுதியொன்றில் நூறு சிறுமியர் தங்கியிருந்தனர் எனக் கொள்வோம். குளித்தல், துவைத்தல், சமைத்தல், பாத்திரம் விளக்குதல் ஆகிய எல்லாவற்றிற்கும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 30 லிட்டர் என்று சிக்கனமாகக் கணக்கிட்டாலும் 3,000 லிட்டர் நீர் வேண்டும். ஒரு வாளி 12 லிட்டர் கொள்ளுமாயின், நாள்தோறும் 250 முறை கயிற்றை இழுத்தாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமையிலும் திருவிழா நாளிலும் இவ்வேலைக்கு விடுமுறை இல்லை. பெண்கல்வி என்னும் பெருங்கட்டடத்தின் அடித்தளத்தில் இந்த 250 வாளிகளும் உள்ளன என்பதை நாம் மறத்தல் ஆகாது.

கேரள நாட்டின் மழை இப்பணியாளரின் சுமையை இரட்டிப்பாக்கியது. பள்ளி திறப்பதும் தென்மேற்குப் பருவமழை தொடங்குவதும் ஜூன் திங்களில் ஒருங்கே நிகழ்வன. ஈர விறகு எளிதில் எரியாது. குசினியில் புகை சூழும். ஊதுகுழல் ஊதியே கண்கள் சிவக்கும். துவைத்த துணிகள் மூன்று நாளாயினும் உலர்வதில்லை. எனினும் திங்கட்கிழமைக் காலையில் மாணவியர் அனைவரும் கஞ்சியிட்டுப் பெட்டி போட்ட வெள்ளுடையில் வரிசையாக நிற்றல் வேண்டும் என்பது ஒழுங்கு. சிரட்டைக் கரியை இட்டுக் கனல வைத்த இஸ்திரிப் பெட்டியைக் கொண்டு அவ்வொழுங்கைக் காத்தவர், அவ்வரிசையில் ஒருபோதும் நில்லாத சலவைத் தொழிலாளர் ஆவர்.

பள்ளிக்குக் குழந்தைகளைக் கொண்டு சேர்த்தலும் ஒரு தனிப்பணி. பெண்பிள்ளைகள் தெருவில் தனியே நடத்தல் தகாது என்று பெரியோர் கருதிய காலம் அது. காளை பூட்டிய வண்டியில் அவர்களை ஏற்றி, துணைக்கு ஒரு முதிய பெண்ணை அமர்த்தி அனுப்பினாலன்றிப் பல தாய்மார் மனம் ஒப்பார். வண்டிக்காரரிடமும் துணைக்கு வந்த மூதாட்டியிடமும் வைத்த நம்பிக்கையே பல பெண்களைப் பள்ளி வாயில்வரை கொண்டு சேர்த்தது. பெண்கல்வி பரவிய காரணங்களை ஆராய்வோர் அரசாணைகளை எண்ணுகின்றனர். இந்நம்பிக்கையையும் அவற்றோடு சேர்த்து எண்ணுதல் தகும்.

மடத்தினுள் இருந்த இருவகைச் சகோதரியர்

கூலிபெற்ற பணியாளர் மட்டுமே இவ்வேலைகளைச் செய்தனர் என்று கருதுதல் பொருந்தாது. கத்தோலிக்கத் துறவற மடங்கள் பலவற்றில் நெடுங்காலம் இருவகைச் சகோதரியர் இருந்தனர். ஒருவகையினர் சிற்றாலயத்தில் இலத்தீன் மொழிச் செபங்களைப் பாடுதற்கும் கல்வி கற்பித்தற்கும் உரியவர். மற்றொரு வகையினர் சமையல், சலவை, தையல், தோட்டம் ஆகியவற்றை ஏற்றவர். இவர்களை லே சிஸ்டர் என்று வழங்கினர். இருவரும் துறவு வாக்குறுதி அளித்தவரே. ஆயினும் அமரும் இடத்திலும் மடத்தின் ஆட்சியில் வாக்களிக்கும் உரிமையிலும் வேற்றுமை இருந்தது. கல்வியும் சீதனமும் கொண்டு வந்தவர் முதல்வகையிலும், ஏழைக் குடும்பத்தினர் இரண்டாம் வகையிலும் சேர்தல் ஐரோப்பிய நாடுகளில் இயல்பாயிருந்தது.

இவ்வேற்றுமையைத் திருச்சபையே பின்னர்க் களைய முற்பட்டது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ஆம் ஆண்டு அக்டோபர் 28-ஆம் நாள் வெளியிட்ட துறவற வாழ்வு பற்றிய ஆணை, பெண்துறவியர் மடங்களில் சகோதரியர் யாவரும் ஒரே வகையினராகவே இருத்தல் வேண்டும் என்று பணித்தது. அடுப்படியில் நின்ற சகோதரியும் வகுப்பறையில் நின்ற சகோதரியும் ஒரே நிலையினர் என்று ஏட்டில் எழுதுவதற்கு, உலகளாவிய ஒரு சமயத்திற்கே அத்துணைக் காலம் வேண்டியிருந்தது. துறவு பூண்டோர்க்கே இந்நிலையாயின், கூலிக்கு வந்தோர் மதிப்புப் பெறக் காலம் பிடித்ததில் வியப்பில்லை.

தெற்கிலிருந்து வந்தோர்

இனி, நம்மவர் இக்கதையில் வந்து சேர்ந்த வழியைக் காண்போம். இன்று நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் வருபவர் மாநில எல்லை ஒன்றைக் கடக்கின்றனர். 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளுக்கு முன்னர் அத்தகைய எல்லை இல்லை. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் அதுவரை திருவனந்தபுரத்திலிருந்தே ஆளப்பட்டன. ஆதலின் அவ்வூர்த் தமிழர்க்குத் திருவனந்தபுரம் அயல்நாடு அன்று. தம் நாட்டின் தலைநகரே ஆகும். இடைப்பட்ட தொலைவும் ஏறத்தாழ 65 கிலோமீட்டரே. எனினும் 1979-ஆம் ஆண்டுவரை அவ்வழியில் இருப்புப்பாதை இல்லை. வேலை தேடி வந்தோர் கால்நடையாகவும், மாட்டுவண்டியிலும், பிற்காலத்தில் பேருந்திலும் வந்தனர்.

சமய ஆட்சியிலும் இதே நிலைதான். 1886-ஆம் ஆண்டில் அமைந்த கொல்லம் மறைமாவட்டம் திருவனந்தபுரத்தையும் கோட்டாற்றையும் தன்னுள் அடக்கியிருந்தது. 1930-ஆம் ஆண்டில் கோட்டாறும் 1937-ஆம் ஆண்டில் திருவனந்தபுரமும் தனித்தனி மறைமாவட்டங்களாயின. அதுவரை தமிழ்பேசும் பங்குகளும் மலையாளம் பேசும் பங்குகளும் ஒரே ஆயரின் கீழ் இருந்தன. ஆதலின் தமிழூர்ப் பங்குகளுக்கும் திருவனந்தபுரத்து மடங்களுக்கும் இடையே போக்குவரத்தும் அறிமுகமும் இருத்தல் எளிதாயிற்று.

அத்தமிழூர்களுள் முளகுமூடு குறிப்பிடத்தக்கது. 1897-ஆம் ஆண்டில் பெல்ஜிய நாட்டிலிருந்து மேரி லூயிஸ் தெ மீஸ்டர் என்னும் துறவி அங்கு வந்து, ஆதரவற்ற சிறுமியர்க்கு இல்லம் அமைத்தார். அங்கே எழுத்தோடு தையலும் பின்னல் வேலையும் கற்பிக்கப்பட்டன. பெண்ணொருத்தி தன் கைத்தொழிலால் ஊதியம் ஈட்டலாம் என்னும் எண்ணம் தென்திருவிதாங்கூரின் ஏழைக் குடும்பங்களில் வேர்விட, இத்தகைய இல்லங்கள் துணைசெய்தன. மடங்களின் தையலறையும் குசினியும் அப்பெண்களுக்கு அச்சமின்றிப் புகத்தக்க பணியிடங்களாயின.

இப்பணியிடங்களில் வழங்கிய மொழியும் நம் கருத்திற்குரியது. வகுப்பறையில் ஆங்கிலமும் மலையாளமும் ஒலித்தன. சிற்றாலயத்தில் இலத்தீன் ஒலித்தது. குசினி, ஆயா, மேசை, ஜன்னல், அலமாரி என்னும் சொற்களோ தமிழருக்கும் மலையாளிகளுக்கும் பொதுவானவை. போர்த்துக்கீசிய மொழியிலிருந்து கடற்கரை வழியாக இரு மொழிகளிலும் சிற்சில மாற்றங்களோடு புகுந்தவை. இரு மொழியாரும் ஒருவரையொருவர் அறிந்துகொள்ள ஏட்டுக்கல்வி வேண்டியிருக்கவில்லை. ஒரே அடுப்பின் இருபுறமும் நின்று வேலை செய்தலே போதுமானதாயிற்று.

இவ்விடத்தில் கூசாமல் சொல்ல வேண்டிய செய்தி ஒன்றுண்டு. பாதாளச் சாக்கடை வருமுன்னர், கேரளத்து நகரங்களில் மலம் அள்ளும் இழிதொழிலுக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஏழை மக்களைக் கொண்டுவந்து குடியமர்த்தினர். தகழி சிவசங்கரப்பிள்ளை 1947-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘தோட்டியுடெ மகன்’ என்னும் நாவல், ஆலப்புழையில் வாழ்ந்த அத்தகைய தமிழ்த் தோட்டிகளின் கதையே. தன் மகன் தோட்டியாகலாகாது, அவன் பள்ளியில் பயில வேண்டும் என்று ஒரு தந்தை படும் பாட்டை அது கூறுகின்றது. நாகர்கோவிலைச் சேர்ந்த சுந்தர ராமசாமி அதனைத் தமிழாக்கினார். பள்ளிகளைத் தூய்மையாக வைத்திருந்த கைகளுக்கு உரியவர்தம் பிள்ளைகளுக்கு அப்பள்ளியின் கதவு எளிதில் திறக்கவில்லை. இக்கொடுமையை நாம் மூடி மறைத்தல் நன்றன்று.

சட்டம் இவர்களை எண்ணத் தொடங்கிய நாள்

நெடுங்காலம் இப்பணியாளரின் ஊதியம் நிர்வாகத்தாரின் விருப்பத்தைச் சார்ந்திருந்தது. சிலர் அரிசியும் இருப்பிடமும் பெற்றனர். சிலர் சிறுதொகை பெற்றனர். பணி ஓய்வு என்பதும் ஓய்வூதியம் என்பதும் அவர் அறியாதன. கை தளர்ந்தால் வீடு திரும்புவதே வழக்கம்.

இந்நிலையில் ஒரு திருப்பம் 1957-ஆம் ஆண்டில் நேர்ந்தது. இ. எம். எஸ். நம்பூதிரிப்பாடு அமைச்சரவையில் கல்வியமைச்சராயிருந்த ஜோசப் முண்டசேரி, கேரளக் கல்வி மசோதாவைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். அம்மசோதாவைச் சுற்றி எழுந்த கிளர்ச்சியும், 1959-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் நாள் அவ்வமைச்சரவை நீக்கப்பட்டதும் யாவரும் அறிந்தவை. அவ்வழக்கின் இருபக்க நியாயங்களை ஈண்டு ஆராயப் புகவில்லை. யாவரும் கவனியாத ஒரு சிறு செய்தியை மட்டும் எடுத்துக் காட்டுகின்றோம்.

அம்மசோதாவின் 9-ஆம் பிரிவு, உதவிபெறும் பள்ளிகளின் ஆசிரியர் அனைவருக்கும் அரசே ஊதியம் அளித்தல் வேண்டும் என்றது. அதே பிரிவு, ஆசிரியர் அல்லாத பணியாளருக்கும் அரசே ஊதியம் தரும் என்றும், அவர்களின் எண்ணிக்கை, ஊதியம், தகுதி, பணிநிலை ஆகியவற்றை அரசு வரையறுக்கலாம் என்றும் கூறியது. மேடைகளில் பேசியோர் ஆசிரியர் நியமனத்தைப் பற்றியே பேசினர். நாளிதழ்கள் அதனைப் பற்றியே எழுதின. மணி அடிப்பவரையும் முற்றம் பெருக்குபவரையும் குறித்த அவ்வரி ஓசையின்றி அங்கே இருந்தது. குடியரசுத் தலைவர் மசோதாவைப் பற்றி உச்சநீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். 1958-ஆம் ஆண்டு மே 22-ஆம் நாள் நீதிமன்றம் கருத்துரைத்தபோது வேறு சில பிரிவுகள் குறைகாணப்பெற்றன, இப்பிரிவு நிலைத்தது. 1959-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஒப்புதல் பெற்று, ஜூன் முதல் நாள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டிலேயே எழுந்த கேரளக் கல்வி விதிகளின்கீழ்க் குமாஸ்தா, பியூன், முழுநேர மெனியல், பகுதிநேர மெனியல் என்னும் பணியிடங்கள் வகுக்கப்பெற்றன.

மெனியல் என்னும் ஆங்கிலச் சொல் தாழ்ந்த வேலையாளைக் குறிப்பது. பணியைக் காத்த விதியே பணியாளரைத் தாழ்த்தும் பெயரையும் இட்டது. பிற்காலத்தில் பியூன் என்னும் பெயர் ஆபீஸ் அட்டென்டன்ட் என மாறிற்று. பெயர் எதுவாயினும், திங்கள்தோறும் கருவூலத்திலிருந்து வரும் ஊதியமும், பதிவேட்டில் ஒரு வரியும், முதுமையில் ஓய்வூதியமும் உதவிபெறும் பள்ளிகளின் கடைநிலைப் பணியாளருக்குக் கிடைக்க வழி பிறந்தது. நம் குடும்பங்கள் சிலவற்றில் அடுத்த தலைமுறை கல்லூரி வாயிலை மிதித்தமைக்கு அவ்வூதியமே காரணம்.

தில்லியில் தோன்றிய வழக்கும் அதன் முடிவும்

அரசு உதவி பெறாத கல்விச்சாலைகளின் பணியாளர் நிலை வேறாக இருந்தது. அவர்தம் உரிமை பற்றிய கேள்வி தில்லியில் ஒரு வழக்காக எழுந்தது. பெண்கள் கல்லூரிக்கு மாணவியரை ஏற்றிச் செல்லும் பேருந்துகளால் இழப்பு நேர்கின்றது என்று கூறித் தில்லிப் பல்கலைக்கழகம் ஓட்டுநர் இருவரை வேலையினின்று நீக்கியது. தொழிலாளர் சட்டத்தின்படி தமக்கு ஈட்டுத்தொகை வேண்டும் என்று அவர்கள் கேட்டனர். 1963-ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. கல்வி ஒரு தொழில் அன்று. கல்விச்சாலையின் முதன்மைப் பணி கற்பித்தலே. ஓட்டுநர் போன்றோர் அதில் ஆற்றும் பங்கு மிகச் சிறியது என்பதே அத்தீர்ப்பின் கருத்து.

மாணவியரைக் கல்லூரி வாயிலில் கொண்டு சேர்த்தவரின் பங்கு சிறியதென்று நாட்டின் உயர்ந்த நீதிமன்றமே கூறியது. இக்கருத்து 15 ஆண்டுகள் நிலைத்தது. 1978-ஆம் ஆண்டு பிப்ரவரி 21-ஆம் நாள், பெங்களூர்க் குடிநீர் வாரிய வழக்கில் ஏழு நீதிபதிகள் அடங்கிய அமர்வு அதனை மாற்றியது. கல்வி நிலையமும் தொழிற்சட்டத்தின் வரையறைக்குள் அடங்கும் என்று பெரும்பான்மையோர் கூறினர். அத்தீர்ப்பின் தலையாய உரையை எழுதியவர் வி. ஆர். கிருஷ்ண ஐயர். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் தோன்றிய இவர், 1957-ஆம் ஆண்டில் கல்வி மசோதாவைக் கொண்டுவந்த அதே அமைச்சரவையில் சட்ட அமைச்சராய் இருந்தவர். மணி அடிப்பவருக்கு ஊதியம் வகுத்த அமைச்சரவையிலும், பேருந்து ஓட்டுபவருக்கு உரிமை வழங்கிய தீர்ப்பிலும் நம்மவர் ஒருவர் பங்குகொண்டார் என்பது நாம் மகிழத்தக்க செய்தியாகும். அத்தீர்ப்பு கூறிய தொழில் என்பதன் வரையறை, 2017-ஆம் ஆண்டில் ஒன்பது நீதிபதிகள் அமர்வின் ஆய்வுக்கு அனுப்பப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லுதல் முறை.

பணிக்கொடையின் வரலாறு இன்னும் வியப்பானது. 1972-ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம், பத்துப் பேருக்குக் குறையாமல் பணிபுரியும் கல்வி நிலையங்களுக்கு 1997-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள் அறிவிப்பால் விரிவாக்கப்பட்டது. ஆனால் அச்சட்டம் கூறும் ஊழியர் என்னும் சொல் ஆசிரியரைக் குறிக்காது என்று 2004-ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் கூறியது. 2009-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னரே, 1997 முதற்கொண்டு, ஆசிரியரும் அதனைப் பெற்றனர். எல்லாவற்றிலும் பின்வரிசையில் நின்ற கடைநிலைப் பணியாளர், இவ்வொன்றில் ஆசிரியருக்கு முன்னே நின்றனர்.

இன்றும் அடுப்படியில் நிற்போர்

இவையெல்லாம் கடந்த காலச் செய்திகள், இன்று குறை ஏதும் இல்லை என்று நாம் அமைதியுறுதல் இயலாது. கேரளத்தில் 1961-ஆம் ஆண்டளவில் கேர் என்னும் அமெரிக்க அறநிலையத்தின் உதவியோடு பள்ளிக் குழந்தைகளுக்கு உப்புமா வழங்கப்பட்டது. 1984-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் மாநில அரசே கஞ்சியும் பயறும் வழங்கத் தொடங்கியது. தமிழ்நாட்டில் காமராசர் 1956-ஆம் ஆண்டில் தொடங்கிய மதிய உணவும், எம். ஜி. இராமச்சந்திரன் 1982-ஆம் ஆண்டில் விரிவாக்கிய சத்துணவும் நாம் அறிந்தவை. இத்திட்டங்களைக் கொண்டுவந்த தலைவர்களை நாடு போற்றுகின்றது. சோறு வடித்தவரோ பெரும்பாலும் ஏழைப் பெண்களே. நாடளாவிய மதிய உணவுத் திட்டத்தில் சமையல் செய்வோர்க்கு 2009-ஆம் ஆண்டில் வகுத்த தொகை திங்களுக்கு 1,000 ரூபாய். மாநிலங்கள் தத்தம் நிதியிலிருந்து கூட்டித் தருகின்றன. அத்தொகைக்கு ஊதியம் என்று பெயரில்லை. மதிப்பூதியம் என்று பெயர். பெயரில் மதிப்பு உண்டு. தொகையில் அதனைத் தேடித்தான் காணவேண்டும்.

நாம் செய்யத்தக்கது

பள்ளியின் ஆண்டுவிழாப் புகைப்படங்களை அன்பர்கள் உற்றுநோக்குதல் வேண்டும். நடுவில் தலைமைச் சகோதரி, இருபுறமும் ஆசிரியைகள், நிற்கும் வரிசையில் மாணவியர். ஓரத்தில், பாதி தூணில் மறைந்தவாறு, சில முகங்கள் தோன்றும். படத்தின் அடியில் அச்சிட்ட பெயர்ப்பட்டியல் அம்முகங்களுக்கு முன்பே நின்றுவிடும். மாணவியர் எல்லாருக்கும் அவர் பெயர் அந்நாளில் தெரிந்திருந்தது. ஏட்டில் எழுதுவோருக்கு மட்டும் தெரியவில்லை.

இக்குறையைப் போக்குதல் பேரறிஞர்களால் மட்டும் ஆவதன்று. நம் காலனிக் குடும்பங்களால் ஆகும். மடங்களின் பழைய சம்பள ஏடுகள் கரையானுக்கு இரையாகலாம். ஆனால் நம் பாட்டியரின் நினைவு இன்னும் முற்றும் அழியவில்லை. பள்ளியில் பயின்றோர், தமக்கு மணி அடித்தவரின் பெயரையும், வயிற்றுவலி கண்ட நாளில் கஷாயம் வைத்துக் கொடுத்த ஆயாவின் பெயரையும் எழுதி வைத்தல் வேண்டும். பணிபுரிந்தோரின் மக்கள், தம் பெற்றோர் எவ்வூரினின்று எவ்வாண்டில் வந்தனர், என்ன வேலை செய்தனர், என்ன கூலி பெற்றனர் என்பவற்றை நாணாமல் எழுதுதல் வேண்டும். தோட்டக்காரரின் மகள் என்று சொல்லிக்கொள்வதில் இழிவு யாதும் இல்லை. அத்தோட்டத்தின் நிழலில் பயின்றவர்கள் மருத்துவராயினர், வழக்கறிஞராயினர். அவர்தம் பெருமையில் அத்தோட்டக்காரருக்கும் பங்கு உண்டு.

இத்தகைய குறிப்புகள் ஒரு பக்கமாயினும் அரைப் பக்கமாயினும் நம் சங்கத்தின் நூலகத்தில் ஏற்று வைத்தல் தகும். உயிருடன் இருப்போரின் பெயரை அவர் இசைவு பெற்றே வெளியிடுதல் வேண்டும். இசையாதாரின் செய்தியைப் பெயரின்றிக் காத்தல் வேண்டும். நூறு குடும்பங்கள் நூறு பக்கங்கள் எழுதினால், திருவனந்தபுரத்துப் பெண்கல்வியின் வரலாற்றில் இதுகாறும் எழுதப்படாத ஓர் அதிகாரம் தானே உருப்பெறும்.

கல்வி பரவுக என்று வாழ்த்துகின்றோம். அக்கல்விக்கு நீர் இறைத்தோரும் அடுப்பு மூட்டினோரும் மதிப்போடு வாழ்க என்று உடன் வாழ்த்துவோம்.